நான்கு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை: ஒரு ரசிகரின் மார்க் நோட்டு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2019-20 பருவத்தில் நடந்த, இரண்டு பேரைப் பற்றிய பதிவு. ஒருவர் 47 வயது கால்பந்து ரசிகர். மற்றவன் அப்போது 16 வயதுப் பையன். இருவர் பெயரையும் சொல்லவில்லை. நடந்த இடம் வடசென்னை. அங்கே ஒரு மாநகராட்சி மைதானத்தில் ஞாயிறு காலைகளில் 17 வயதுக்குட்பட்ட பையன்களின் அணி ஒன்றை ரசிகரும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். பந்து, ஜெர்சி, நுழைவுக் கட்டணம், ஆட்டம் முடிந்ததும் பையன்களுக்கு இட்லி: இந்தக் கணக்கெல்லாம் என்னுடையது. யார் ஆடுவது, யார் வெளியே என்பது அவருடையது.

ரசிகர் ஒரு காலத்தில் ஸ்டாப்பராக, அதாவது தற்காப்பு வரிசையின் நடுவில், ஆடியவர். இருபத்து மூன்று வயதில் முழங்கால் போனது. இப்போது ராயபுரம் பக்கம் ஒரு அச்சகத்தில் வேலை. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து, அதில் ஆடும் நம் ஊர் அணியான ‘சென்னையின் எஃப்சி’யின் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் நோட்டு போட்டு மார்க் எழுதுகிறார். அச்சகத்தில் மிஞ்சும் தாளை அவரே தைத்துச் செய்த நோட்டு. வீரர் பெயருக்கு எதிரே பத்துக்கு இத்தனை, பக்கத்தில் ஒரு வரி. 2015இல் கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் கோவா அணியை 3-2 என வென்று முதல் கோப்பை எடுத்த ராத்திரி நோட்டில் மெண்டோசாவுக்குப் பத்து. 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரை அதே 3-2 கணக்கில் வென்றபோது, தலையால் இரண்டு கோல் போட்ட மெயில்சன் ஆல்வெஸுக்குப் பத்து. வேறு யாருக்கும் அவர் பத்து கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்கடுத்த பருவம் தலைகீழ். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். கோப்பை வென்ற அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரிதான் அப்போதும் இருந்தார். ரசிகரின் நோட்டில் அந்தப் பருவத்துப் பக்கங்களில் மூன்றும் நாலுமாகவே இருக்கும். பயிற்சியாளருக்கென்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. இதை அப்போது நானும் கவனிக்கவில்லை. ஆடுகிறவனுக்குத்தானே மார்க்.

2019 கோடை: அணி மாறுகிறது

கடைசி இடம் பிடித்த அணியை அப்படியே வைத்திருக்க முடியாது. மெயில்சன், ரஃபேல் அகஸ்டோ போன்றவர்கள் போனார்கள். அப்போதைய விதிப்படி ஒரு அணி ஏழு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம், களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர். எலி சாபியா தங்கினார். புதிதாக வந்தவர்களில் லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸுக்கு 32 வயது. பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோவுக்கு 30. மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரிக்கு 33. கேப்டனாக வந்த ருமேனியர் லூசியன் கோயானுக்கு 36.

ரசிகர் நோட்டில் நான்கு வயதையும் கூட்டி, 131 என்று எழுதி, வட்டம் போட்டு வைத்தார். "பென்ஷன் ஆபீஸ் டீம்" என்று கீழே குறிப்பு.

இந்திய வீரர்கள் பட்டியலைப் பார்த்து மட்டும் கொஞ்சம் சமாதானமானார். டெல்லியிலிருந்து 22 வயது லாலியன்ஸுவாலா சாங்தே வந்திருந்தார். முந்தைய பருவத்தில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசியத் தொடரை வென்ற சென்னை சிட்டியிலிருந்து, நம் மாநிலத்துப் பையன் எட்வின் வன்ஸ்பால் வந்திருந்தார். நடுக்களத்தில் அனிருத் தாபா ஏற்கெனவே இருந்தார். இந்திய முன்கள வீரர் ஜெஜே காயத்தில் இருந்தார். அந்த இடத்தில் யார் கோல் அடிப்பார்கள் என்பதுதான் கேள்வி. "முப்பத்திரண்டு வயசு ஆளா ஜெஜே இடத்துல?" என்று ரசிகர் கேட்டார். வால்ஸ்கிஸ் ஆடி அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. நானும்தான்.

அக்டோபர் 23 முதல் நவம்பர் 10 வரை

முதல் ஆட்டம் கோவாவில், 0-3. தீபாவளி அன்று சொந்த மைதானத்தில் மும்பையுடன் 0-0. மூன்று நாள் கழித்து கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 0-1. நவம்பர் 10, ஞாயிறு, பெங்களூரில் 0-3. நான்கு ஆட்டம் முடிந்தும் ஒரு கோல் இல்லை.

அதே நாட்களில் எங்கள் பையன்கள் ஒரு வட்டாரப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 13, 20, நவம்பர் 3, 10. தீபாவளி ஞாயிறு விடுமுறை. அந்த நான்கு ஆட்டத்திலும் எங்கள் ஃபார்வர்டு பையன் கோல் போடவில்லை. முந்தைய ஆண்டு பயிற்சி ஆட்டங்களில் தாராளமாகப் போட்டவன். ஐந்தடி மூன்றங்குலம் இருப்பான். கால் வேகம், இடதுகால் சுத்தம்.

இந்த இரண்டும் ஒரே ஞாயிறில் வந்து மோதியதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். நவம்பர் 10 காலை எங்கள் பையன்கள் 0-2 தோற்றார்கள். மாலை பெங்களூர் ஆட்டத்தை டீக்கடை டிவியில் பார்த்தோம். ஆட்டம் முடிந்ததும் ரசிகர் நோட்டை எடுத்து வால்ஸ்கிஸுக்கு 2, கிரிவெல்லாரோவுக்கு 3, சாங்தேவுக்கு 4 போட்டார். சாங்தே பெயருக்குப் பக்கத்தில் "ஓட்டம் உண்டு, தலை இல்ல". பிறகு தனிப்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினார். வால்ஸ்கிஸை உட்கார வை. கிரிவெல்லாரோவுக்குப் பதில் இந்திய நடுக்கள வீரர். முன்னால் ரஹீம் அலியை இறக்கு, வயதாவது குறைவு. இதைக் கடையில் இருந்த ஏழெட்டுப் பேரிடம் வாசித்தும் காட்டினார். யாரும் மறுக்கவில்லை. நான்கு ஆட்டத்தில் கோல் போடாத முன்கள ஆட்டக்காரனுக்காக யார் வாதாடுவார்கள்?

பட்டியலை மூடிவிட்டு, அதே பேனாவால், அதே பக்கத்தின் கீழே அடுத்த ஞாயிறுக்கான எங்கள் அணியை எழுதினார். அதில் பையன் பெயர் இல்லை.

முதல் முடிவு: பையனை வெளியே வைத்தது

காரணம் கேட்டேன். "நாலு மேட்ச் ஆச்சு. பெரிய டீமுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?" என்றார். அப்போது அது நேர்மையான பேச்சாகவே பட்டது. தொழில்முறை அணியிடம் எதிர்பார்ப்பதைத் தன் அணியிலும் செய்கிறார், பாரபட்சம் பார்க்கவில்லை என்று நினைத்தேன். என் பங்கும் இதில் உண்டு. நான் தலையாட்டினேன்.

நவம்பர் 17 காலை பையன் ஷூ லேஸ் கட்டி முடித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. ரசிகர் அணியை வாசித்தார், அவன் பெயர் வரவில்லை. "அண்ணா, நான்?" என்று கேட்டான். "சப்புல இரு, பாக்கலாம்" என்றார். இறக்கவில்லை. அவன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு லைன் ஓரமாக நின்றான். 24ஆம் தேதியும் அதே கதை. டிசம்பர் 1 அன்று அவன் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நாங்களும் போன் செய்வதை விட்டுவிட்டோம். விட்டுவிட்டோம் என்று பன்மையில் எழுதுவது சுலபமாக இருக்கிறது. அவன் எண் என் போனில்தான் இருந்தது.

அவனுக்குப் பதில் இறங்கியவன் உயரமானவன். இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல் போட்டான், கார்னரில் வந்த பந்தில். ரசிகர் அதைத் தன் முடிவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 25 முதல் ஜனவரி 6 வரை: இரு பக்கமும் இழுத்த காலம்

நவம்பர் 25, திங்கள், ஹைதராபாத்துடன் சென்னையில் ஆட்டம். நானும் அவரும் ஸ்டாண்டில் இருந்தோம். 88ஆவது நிமிடம் வரை 0-0. ரசிகர் எழுந்தார். மார்க்கை உட்கார்ந்த இடத்திலேயே எழுதி முடித்திருந்தார், வால்ஸ்கிஸுக்கு 3. சிடன்ஹாம்ஸ் ரோடில் கூட்டம் சேர்வதற்குள் ரயில் பிடித்துவிடலாம் என்று கிளம்பினோம்.

அந்த ஆட்டத்தின் மூன்று கோலும் 90 நிமிடத்துக்கு அப்புறம் கொடுத்த கூடுதல் நேரத்தில் விழுந்தவை. முதலில் ஷெம்ப்ரி போட்டார், ஹைதராபாத் திருப்பிப் போட்டது, வால்ஸ்கிஸ் வெற்றிக் கோல் போட்டார், 2-1. நாங்கள் வெளியே நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து முதல் சத்தம் வந்தது. திரும்பி ஓட அவருக்கு முழங்கால் இல்லை, எனக்கு மூச்சு இல்லை. தெருவில் நின்றபடியே சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டோம்.

நோட்டில் அந்த 3 அப்படியே நின்றது. மாற்ற மாட்டேன் என்றார். "ஒரு கோலுக்கா? தொண்ணூறு நிமிஷம் என்னா பண்ணான்?" இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு கோலை வைத்து ஒருவரைத் தூக்கி வைக்கக் கூடாது. அப்படியானால் கோல் இல்லாததை வைத்துக் கீழே போட்டதும் கூடாது என்பது மீதிப் பாதி. அதை அன்று நான் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து ஒடிசாவுடன் 2-2. இரண்டு கோலும் வால்ஸ்கிஸ். அதோடு கிரெகரி விலகினார். அவர் காலத்து ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி, 4 கோல். அந்த நாலில் மூன்று, ரசிகர் உட்கார வைக்கச் சொன்னவருடையது.

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் காயில் வந்தார். இங்கிலாந்தில் பர்ன்லியை 2009இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிய ஸ்காட்லாந்துக்காரர். இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் கதையில் ஒரு பிழை உண்டு. புதுப் பயிற்சியாளர் வந்தார், மறுநாளே அணி பறந்தது என்பார்கள். நடந்தது அப்படி இல்லை. ஜாம்ஷெட்பூரில் 1-1. கேரளாவை 3-1 வென்றார்கள். டிசம்பர் 26 கோவாவிடம் மூன்று கோல் பின்தங்கி, விரட்டிப் போய், 3-4 தோற்றார்கள். ஜனவரி 6 ஒடிசாவில் 0-2. காயிலின் முதல் நான்கு ஆட்டத்தில் 4 புள்ளி. மொத்தம் பத்து ஆட்டத்தில் 9 புள்ளி.

அன்று இரவு ரசிகர் போன் செய்தார். "சொன்னேன்ல. ஆளை மாத்தாம கோச்சை மாத்தி இன்னா பிரயோஜனம்?" கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த இரவோடு பருவம் முடிந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

ஜனவரி 10 முதல் பிப்ரவரி 25 வரை: என்ன மாறியது

ஹைதராபாத்தில் 3-1. நார்த் ஈஸ்டுடன் 2-0. ஜாம்ஷெட்பூருடன் 4-1. பிப்ரவரி 1 கொச்சியில் 6-3. பெங்களூருடன் 0-0. கொல்கத்தாவில் ஏடிகேயை 3-1. மும்பையில் 1-0. கடைசியாக குவாஹாட்டியில் 2-2. எட்டு ஆட்டத்தில் 20 புள்ளி, தோல்வி இல்லை. 29 புள்ளியோடு நான்காம் இடம், அரையிறுதி.

மும்பையில் அந்த ஒரே கோலை 83ஆவது நிமிடத்தில் போட்டவர் கோயான். 131இல் 36.

கொச்சி ஆட்டத்தில்தான் ரசிகர் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அன்று வால்ஸ்கிஸ் இரண்டு, கிரிவெல்லாரோ இரண்டு, சாங்தே இரண்டு. நவம்பர் 10 பக்கத்தில் 2, 3, 4 என்று மார்க் வாங்கிய அதே மூவர். ஆள் மாறவில்லை என்பது கண் முன்னால் நின்றது. அப்படியானால் வேறென்ன மாறியது?

முதல் கோவா ஆட்டத்தின் பதிவையும் கொச்சி ஆட்டத்தின் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். அச்சகத்தில் ஷிஃப்ட் முடிந்து இரண்டு இரவு. நாங்கள் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் இல்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பழைய ஆட்டத்தில் அணி பின்னால் நின்றது. பந்து கிடைத்தால் தூக்கி முன்னால் அனுப்பியது. வால்ஸ்கிஸ் கோலுக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு தற்காப்பு வீரர்களுக்கு நடுவில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். கிரிவெல்லாரோவுக்குப் பந்து வரும்போது முன்னால் ஓட ஆள் இல்லை. புதிய ஆட்டத்தில் எல்லோரும் மேலே நின்றார்கள். எதிரணி பந்தை எடுத்து நிமிர்வதற்குள் நெருங்கினார்கள். பின்வரிசையிலும் ஆடக்கூடிய எட்வின் வன்ஸ்பால் நடுக்களத்தில் தாபாவுக்குப் பக்கத்தில் நின்று காவல் பார்த்தார். அதனால் கிரிவெல்லாரோ திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் முன்னாலேயே ஆட முடிந்தது. அவர் பந்தைத் தொட்டதும் சாங்தே தற்காப்பு வரிசைக்குப் பின்னால் ஓடினார், வால்ஸ்கிஸ் இடைவெளிக்குள் நுழைந்தார். பந்து அவருக்குக் காலில் வந்தது, கோல் முகத்துக்கு நேராக.

ரசிகர் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். கோவா ஆட்டம்தான். வால்ஸ்கிஸ் கை இரண்டையும் விரித்து, காலைக் காட்டி, இங்கே கொடு என்று சைகை செய்கிறார். பந்து தலைக்கு மேலே போகிறது. நாங்கள் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். "நம்ம பையனும் இப்படித்தான் கை காட்டினு இருந்தான்" என்றார் அவர்.

எங்கள் அணி ஆட்டங்களுக்குப் பதிவு ஏது. ஆனால் நவம்பர் 3 ஆட்டத்தை எங்கள் கோல்கீப்பர் பையனின் அப்பா போனில் எடுத்திருந்தார். வாங்கிப் பார்த்தோம், எண்ணினோம். 50 நிமிட ஆட்டத்தில் பையனை நோக்கிப் பந்து வந்தது 11 முறை. அதில் 9 முறை காற்றில். ஐந்தடி மூன்றங்குலப் பையனின் தலைக்கு. அந்த ஒன்பதையும் உதைத்து அனுப்பியது எங்கள் ஸ்டாப்பர். அப்படி அனுப்பச் சொல்லிக் கொடுத்தது முன்னாள் ஸ்டாப்பரான ரசிகர்.

காலுக்கு வந்த இரண்டில் ஒன்று கோல் கம்பத்தில் பட்டிருந்தது. நோட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இரண்டாம் முடிவு: திரும்ப அழைப்பது

பிப்ரவரி தொடக்கத்தில் பையன் வீட்டுக்குப் போனோம். போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. உயரமான பையன் கோல் போட்டுக்கொண்டிருக்கிறான், இவனைக் கூப்பிட்டு மறுபடி வெளியே உட்கார வைத்தால் இன்னும் கேவலம் என்பது என் கவலை. கூப்பிடும் முன் ஆட்டத்தை மாற்றுவோம், அவனுக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்போம் என்று முடிவானது. பந்தைத் தூக்கி உதைக்காமல் தரையில் கொண்டுவர இரண்டு பயிற்சி நாட்கள் பழக்கினோம். ஸ்டாப்பருக்கு அது பிடிக்கவில்லை. பந்தை இழந்து இரண்டு கோல் வாங்கினான்.

பையனின் அம்மா கதவைத் திறந்தார். அவன் ஞாயிறுகளில் ஒரு பிரியாணிக் கடையில் பார்சல் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். "மூணு மாசமா பந்துன்னே வாயைத் தொறக்கல. இன்னாங்கண்ணா ஆச்சு?" என்றார். ரசிகர் சுற்றி வளைக்கவில்லை. "தப்பு எம்மேலம்மா. அவனுக்கு வராத பந்துக்கு அவனை நிறுத்திட்டேன்" என்றார். பையன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்தவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அன்னிக்கே சொல்லி இருக்கலாமேண்ணா? லேஸ் கட்டறதுக்கு முன்னாடி?"

ஓரங்கட்டியதைவிட, எப்படி ஓரங்கட்டினோம் என்பதுதான் அவனுக்கு வலித்திருக்கிறது. அதை நாங்கள் அதுவரை ஒரு விஷயமாகவே எண்ணவில்லை.

பிப்ரவரி 9 முதல் திரும்ப வந்தான். உயரமானவன் முன்னால், இவன் அவனுக்குப் பின்னால். மார்ச் 8 வரை ஐந்து ஆட்டம், இரண்டு கோல், அணி மூன்றில் வென்றது. பிறகு ஊரடங்கு. போட்டி பாதியில் நின்றது. ஆகவே எங்கள் இரண்டாம் முடிவு சரியா என்பதற்கு உறுதியான விடை கிடையாது. ஐந்து ஆட்டத்தை வைத்து அவனைப் புகழ்ந்தால், நான்கு ஆட்டத்தை வைத்து இகழ்ந்த அதே தப்புதான் ஆகும்.

இறுதியாட்டமும் அதற்கடுத்த பருவமும்

பிப்ரவரி 29 அரையிறுதி முதல் ஆட்டத்தில் சென்னையில் கோவாவை 4-1 என்று வென்றபோது ரசிகர் கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்தார். விசிலுக்குப் பிறகும் கால் மணி நேரம். கோவாவில் 2-4 தோற்றும் மொத்தத்தில் 6-5. மார்ச் 14 இறுதியாட்டம் ஃபதோர்டாவில், கொரோனா காரணமாகப் பார்வையாளர் யாரும் இல்லாமல் நடந்தது. ஏடிகே 3-1 வென்றது. எங்கள் ஒரே கோல் வால்ஸ்கிஸ். அந்தப் பருவத்தில் அவருக்கு அது 15ஆவது கோல், அதிகக் கோலுக்கான தங்கக் காலணி விருதும் அவருக்கே.

ரசிகர் சொன்ன எல்லாமே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பின்வரிசைக்கு முன்னால் இடம் விட்டுவிடுகிறார்கள், மேலே ஏறினால் திரும்பி வர நேரமாகிறது என்று தொடக்கத்திலிருந்தே எழுதியிருந்தார். காயில் காலத்திலும் அது தீரவில்லை. லீக்கிலும் அரையிறுதியிலுமாகக் கோவாவிடம் இரண்டு முறை நாலு வாங்கினார்கள், கொச்சியில் ஆறு போட்டும் மூன்று வாங்கினார்கள், இறுதியில் மூன்று. தான் ஆடிய இடத்தை அவர் கண் சரியாகப் படித்தது. தான் ஆடாத இடத்துக்குத்தான் ஸ்கோர்போர்டைப் பார்த்து மார்க் போட்டது.

2020 கோடையில் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். சென்னைக்கு சபா லாஸ்லோ பயிற்சியாளராக வந்தார். ரசிகர் இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். எல்லாமே கோச்சுதான், ஆள் யாராக இருந்தால் என்ன என்று பேச ஆரம்பித்தார். பருவம் முடிந்தபோது சென்னை 20 ஆட்டத்தில் 17 கோல், 11 டிரா, எட்டாம் இடம். "பாத்தியா" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. பயிற்சியாளர் போனார், அதிகக் கோல் போட்டவர் போனார், கிரிவெல்லாரோ டிசம்பரில் காயம்பட்டு மீதிப் பருவம் முழுக்க வெளியே இருந்தார், எல்லா ஆட்டமும் கோவாவில் காலி மைதானத்தில் நடந்தன. இத்தனையும் ஒன்றாக மாறும்போது எது எதைச் செய்தது என்று யார் பிரிப்பது? அதே காயிலின் கீழ் ஜாம்ஷெட்பூரில் வால்ஸ்கிஸ் அந்தப் பருவம் போட்டது 8 கோல், அணி ஆறாம் இடம். கோச் மட்டும் போதுமென்றால் அங்கே 15 வந்திருக்க வேண்டும். அடுத்த பருவத்தில் அதே ஜாம்ஷெட்பூர் 43 புள்ளியோடு, லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான ஷீல்டை வென்றது. எட்டோடு நிறுத்திக் காயிலைத் தள்ளியிருந்தால் அதுவும் தப்பாகியிருக்கும். இந்த வாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. காயில் 2023இல் சென்னைக்கே திரும்பி வந்தபோது மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"தலை இல்ல" என்று எழுதப்பட்ட சாங்தே பின்னர் மும்பை சிட்டிக்குப் போய், 2022-23க்கான அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ரசிகர் அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.

என்ன மாற்றினோம், இன்னும் என்ன மாற்ற வேண்டும்

நோட்டு நிற்கவில்லை, கட்டம் மாறியிருக்கிறது. மார்க்குக்கு முன்னால் இப்போது ஒரு பத்தி வருகிறது: இவனை என்ன செய்யச் சொன்னார்கள்? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதி, மார்க் இடத்தைக் காலியாக விடுகிறார். தொழில்முறை அணியைப் பொறுத்தவரை பாதிக்கு மேல் காலிதான். பயிற்சியில் என்ன நடக்கிறது, யாருக்கு எங்கே வலி என்பதெல்லாம் ஸ்டாண்டிலிருந்து தெரியாது. கடைசி விசிலுக்கு முன் பேனாவைத் திறப்பதில்லை. ரயில் போனால் போகட்டும்.

எங்கள் அணியில் ஒரு பையனை வெளியே வைப்பதென்றால் இருவரும் ஒப்ப வேண்டும், முந்தின நாளே அவனிடம் நேரில் சொல்ல வேண்டும், காரணத்தோடு. ஃபார்வர்டாக இருந்தால் காலுக்கு எத்தனை பந்து வந்தது என்று முதலில் எண்ண வேண்டும். இதற்காக ஒரு பையன் லைன் ஓரமாக உட்கார்ந்து கோடு போடுகிறான். பெரும்பாலும் காயத்தில் இருப்பவன். அவனுக்கும் ஒரு வேலை.

என் பங்கில் மாற வேண்டியது ஒன்று பாக்கி. அன்று நவம்பரில் எனக்குச் சந்தேகம் இருந்ததா என்று இப்போது யோசித்தால், இருந்தது. பையன் கை காட்டியதை நானும் பார்த்தேன். அவர் ஆடியவர், நான் கணக்குப் பார்ப்பவன் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போதும் சில ஞாயிறுகளில் அப்படித்தான்.

ஊரடங்குக்குப் பிறகு பையன் திரும்பி வந்தபோது நான்கு அங்குலம் வளர்ந்திருந்தான். ஸ்டாப்பராக ஆடுகிறேன் என்று அவனே கேட்டான். முன்னால் ஆடேன்டா என்று ரசிகர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். வேண்டாம்ணா என்றான். இப்போது வயது வரம்பு தாண்டி வேறு அணிக்கு ஆடுகிறான். பந்தைத் தரையில்தான் கொடுக்கிறான்.